பிள்ளைகளின் குரற்பதிவுத் திட்டம்: வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும்

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, பால்வெட்டுத் தோழர்களே, கிராணிமார்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே!

நிகழ்ச்சி நிரலில் நம் பேச்சின் தலைப்பை "மாணவர் டிஜிட்டல் ஊடகத் திட்டம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். சம்பளம், வீடு, தண்ணீர், மருத்துவம் என்று பேசிப் பழகிய கூட்டத்தில் இது என்ன புதுச் சரக்கு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. டிஜிட்டல் என்ற சொல்லைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. பேச்சையும் படத்தையும் எண்களாக மாற்றிச் சேமித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். உங்கள் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசி அந்த வேலையைத்தான் நாள் முழுதும் செய்துகொண்டிருக்கிறது. ஆனால், கைப்பேசி கையில் இருந்துவிட்டால் திட்டமும் கையில் இருப்பதாக எண்ணிவிடலாகாது. உளி வைத்திருப்பவனெல்லாம் பால்வெட்டுக்காரன் ஆகிவிடுவானா?

விஷயம் இதுதான். நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும் பத்துப் பிள்ளைகள், தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யவேண்டும் என்று விரும்பி நம்மிடம் வந்தார்கள். மூன்று சனிக்கிழமைகள் அவர்களோடு உட்கார்ந்து, அந்த விருப்பத்தை ஒரு பிரேரணையாக எழுதச் செய்தோம். அந்தப் பிரேரணையை ஆதரிக்கும்படி கேட்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம். எப்படி எழுதினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மற்றத் தோட்டத்துத் தோழர்களுக்கும் அது பயன்படும்.

முதலில், இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்காக, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களை ஆயிரம் ஆயிரமாக அள்ளிச் சென்றார்கள். அந்தப் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி அரசாங்கத்தின் எழுத்து இருக்கிறது. துரைமார்களின் எழுத்து இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றானே தொழிலாளி, அவன் வாயிலிருந்து வந்த சொல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

அந்தத் தலைமுறை போய்விட்டது. இன்று நம்மோடு இருப்பவர்கள் அதற்கு அடுத்த தலைமுறை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், முள்வேலிக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபிறகு, சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு வேலைப் பெர்மிட்டுக்காக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் முதன்முதலாகப் பட்டியல் எழுதியபோது அதில் பதினான்கு பெயர்கள் இருந்தன. இன்று பன்னிரண்டு. பழைய லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் அடிபடுகிறது. லயம் போனால் அதில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு பட்டணத்துக்குச் சிதறிப் போவார்கள். அவசரம் என்ன என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இது பிள்ளை விளையாட்டு என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றைச் சேகரிக்க அரசாங்கம் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. நம் நாட்டுத் தேசியக் காப்பகமும் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறது. ஆயினும், அரசாங்கக் காப்பகம் ஒவ்வொரு லயத்து வாசலிலும் வந்து நிற்க முடியாது. அந்த வாசல் நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். எந்தப் பாட்டிக்கு எந்த நேரத்தில் பேசப் பிடிக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, நல்ல எண்ணந்தானே, எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்யட்டுமே, அதற்கு எதற்குப் பிரேரணை, எதற்குக் காகிதம் என்று கேட்கலாம். இங்கேதான் சங்கத்தின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாயிற்று. அதற்கு முன்பும் தொழிலாளிக்குக் குறை இருந்தது, பின்பும் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், குறை கோரிக்கையாயிற்று, கோரிக்கை எழுத்தாயிற்று, எழுத்து மேசைக்குப் போயிற்று. மனு என்பது தயவு கேட்பது. பிரேரணை என்பது, நாங்கள் இன்னது செய்யப் போகிறோம், அதற்கு இன்னது தேவை, முடிவில் இன்னது கிடைக்கும் என்று நிமிர்ந்து நின்று சொல்வது. கிராணி வேலை பார்க்கும் நமக்கு இன்னொன்றும் தெரியும். எவ்வளவுதான் வியர்வை சிந்தினாலும், செக்குரோலில் ஏறாத பேருக்குச் சம்பளம் இல்லை. நல்ல எண்ணத்துக்கும் அதே கதிதான்.

ஆகவே, பிள்ளைகளின் பிரேரணை எந்தெந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

முதற் கேள்வி, எதைச் செய்யப் போகிறோம், யாருக்காக என்பது. பிள்ளைகள் முதலில் கொண்டுவந்த தாளில், "நம் தோட்டத்தைப் பற்றி ஒரு பெரிய படம் எடுக்கப் போகிறோம், அதில் பாட்டு உண்டு" என்று இருந்தது. நாம் சிரிக்கவில்லை. "படம் ஓடும்போது முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டோம். "எங்கள் பாட்டி" என்றாள் ஒரு சிறுமி. "பார்த்துவிட்டுப் பாட்டி என்ன சொல்ல வேண்டும்?" என்றோம். "ஆமாம், இப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்" என்றாள். அதோடு பாட்டும் போயிற்று, பெரிய படமும் போயிற்று. இன்று பிரேரணையின் முதல் வாக்கியம் இப்படி இருக்கிறது: "1970க்கு முன் இத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டு பெரியவர்களின் வேலை நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, ஆளுக்கு ஐந்து நிமிடக் குரற்சித்திரமாகத் தொகுத்துப் பள்ளியிலும் சங்க மண்டபத்திலும் ஒலிபரப்பி, முழுப் பதிவையும் பள்ளி நூலகத்தில் பாதுகாப்பது." ஒரே வாக்கியம். யார், எத்தனை பேர், எது, எங்கே, பிறகு என்ன என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிட்டன. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத திட்டத்தை யாரும் நிறைவேற்ற முடியாது.

படம் பிடிக்காமல் குரலை மட்டும் ஏன் பதிவு செய்கிறோம் என்று கேட்பீர்கள். லயத்து வீட்டில் வெளிச்சம் குறைவு. காமிராவைக் கண்டால் தாய்மார்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். குரலுக்கு அந்தக் கூச்சம் இல்லை. வெட்டித் தொகுப்பதும் பிள்ளைகளுக்குச் சுலபம். பெரியவர்களின் பழைய புகைப்படங்கள் சிலவற்றைக் கைப்பேசியில் நகலெடுத்துக் குரலோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது கேள்வி, எப்படிக் கேட்பது. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டந்தான் அப்பா" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆகையால், கேள்விகளைப் பிரேரணையின் பின்னிணைப்பாக எழுதச் சொன்னோம். பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? உளி பிடிக்க முதலில் கற்றுக்கொடுத்தது யார்? உங்கள் நிரையில் எத்தனை மரம்? மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் அடுப்பு எப்படி எரிந்தது? ஒட்டுப்பாலை யார் பொறுக்கினார்கள்? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகும்போது அது என்ன செய்தது? இப்படிக் கையால் தொடக்கூடிய கேள்விகளைக் கேட்டால் ஞாபகம் தானாக வரும். கேட்டபிறகு பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. நினைத்துப் பார்க்கும் நேரம் பெரியவர்களுக்கு உரியது.

மூன்றாவது கேள்வி, வேலைக் கணக்கு. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தில் இறக்குவதற்கு, பழகியவருக்கே நாலு மணிக்குக் குறையாது. பிள்ளைகளுக்கு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி. அப்படியானால் எழுத்து வேலைக்கு மட்டும் 96 மணி நேரம். பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய பத்து மணி. பத்து வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு மணி. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகுதான், இருபது பேரைப் பதிவு செய்யலாம் என்று துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கினார்கள். கணக்கு ஆசையைக் கொல்வதில்லை. செய்துமுடிக்கக்கூடிய அளவுக்கு அதைக் கொண்டுவருகிறது.

பிள்ளைகளையும் ஐந்து இரட்டையராகப் பிரித்திருக்கிறோம். ஒருவர் கேட்பார், மற்றவர் கருவியைப் பார்த்துக்கொள்வார். எழுத்தும் தொகுப்பும் முறை வைத்து மாறும். யார் பொறுப்பு என்று பெயர் போடாத வேலை யார் வேலையும் அல்ல என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நான்காவது கேள்வி, செலவு. கைப்பேசியும் கணினியும் பள்ளியிலும் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றை வாங்கக் கேட்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய ஒலிவாங்கி இரண்டு, விரலி என்று சொல்கிறோமே அந்தச் சேமிப்புத் தண்டு இரண்டு, தனி வன்தட்டு ஒன்று, ஒப்புதல் தாள் அச்சடிக்கும் செலவு, பேச வரும் பெரியவர்களுக்குத் தேநீர், பலகாரம், வண்டிச் சத்தம், இவ்வளவுதான். விலையை ஊகித்து எழுதக்கூடாது. மூன்று கடைகளில் கேட்டு, சீட்டைப் பின்னால் இணைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். உபரியாகக் கேட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளும் வியாபாரத் தந்திரத்தைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்தாவது கேள்வி, பெரியவர்களின் உரிமை. இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நம் பேச்சு நம் சொத்து. மரத்தின் பாலை அளந்து எடுத்துக்கொண்டு போனார்கள், அது வேலை. வாழ்க்கைக் கதையை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போகலாகாது, நம் சொந்தப் பிள்ளைகளானாலும் சரி. ஆகவே, தமிழில் ஓர் ஒப்புதல் தாள் எழுதியிருக்கிறோம். அதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அதில் மூன்று வழிகள் இருக்கின்றன. பெயரோடு எல்லோரும் கேட்கலாம், பெயரில்லாமல் கேட்கலாம், இப்போதைக்கு வேண்டாம், பத்திரமாக மட்டும் வைத்திருங்கள். இவற்றில் எதை வேண்டுமானாலும் அவர்கள் தேர்ந்துகொள்ளலாம். பேசியபிறகு மனம் மாறினால் நீக்கச் சொல்லவும் உரிமை உண்டு. பழைய சண்டை, கடன், இன்னொரு குடும்பத்து இரகசியம் பேச்சில் வந்துவிட்டால், அந்தப் பகுதியை வெளியிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறோம். உண்மையைப் பதிவு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு லயத்தில் பகையை மூட்டிவிடக்கூடாது.

பிள்ளைகளின் பாதுகாப்பும் அதே அளவு முக்கியம். ஆரம்பப் பள்ளி வயதில் சொந்தப் பெயரில் இணையக் கணக்குத் திறந்து வெளியிடும் வேலை கூடாது. எதை வெளியிட்டாலும் பள்ளியின் பெயரில், ஆசிரியரின் பொறுப்பில்தான். பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அடுத்தவர் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்துப் போட்டுவிட்டு, நம் கதை நம் சொத்து என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உளி பட்டையைச் சீவும் சத்தம், வாளியில் பால் ஊற்றும் சத்தம், விடியற்காலைப் பறவை, இவை போதாவா? இவற்றுக்கு எந்தக் கம்பெனியிடமும் கையேந்த வேண்டியதில்லை.

ஆறாவது கேள்வி, என்ன இடையூறு வரும் என்பது. பலர் இதை எழுதப் பயப்படுவார்கள். எழுதினால் பணம் கிடைக்காது என்று நினைப்பார்கள். உண்மையில், இடையூறை முன்கூட்டி எழுதியவனைத்தான் பெரியவர்கள் நம்புவார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு பாழ். ஆகவே பதிவுக்குப் பள்ளி நூலக அறை. பெரியவர் உடல்நலமில்லாமல் போகலாம். ஆகவே வயதில் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும். கைப்பேசி பாதியில் நின்றுவிடலாம். ஆகவே இரண்டு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் பதிவு. மாணவர் பள்ளி மாறிப் போகலாம், ஆகவேதான் இரட்டையர்.

ஏழாவது கேள்வி, முடிந்தபிறகு என்ன. பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் சாகின்றன. கைதட்டல் வாங்கியதும் எல்லாம் யாரோ ஒருவர் கைப்பேசியில் கிடக்கும். அந்தக் கைப்பேசி ஒருநாள் ஆற்றில் விழும். நல்ல தரத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மெகாபைட் பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஏழு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். சுண்டுவிரல் அளவுள்ள தண்டுக்குள் அடங்கிவிடும் பொருள் அது. தொலைப்பதும் அவ்வளவு சுலபம். எனவே மூன்று நகல்கள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறிடத்தில். அதாவது, பள்ளியில் வன்தட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு விரலி, தோட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் இன்னொரு விரலி. ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் பேசியவர் பெயர், தேதி, இடம், கேட்டவர் பெயர், எந்த ஒப்புதல் என்ற விவரச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத பதிவு முகவரி இல்லாத கடிதம்.

இனி, சில ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது, நீங்களும் அதைக் கொடுக்கச் சொல்கிறீர்களே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பாடமே கைப்பேசிக்குள் போய்விட்டது. ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முறை போட்டுப் படித்ததை நம் வீடுகளில் பார்த்தோம். கருவி வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. இனி அதை வெளியே தள்ள முடியாது. வேலை கொடுக்கத்தான் முடியும். யாரோ ஆடுவதையும் பாடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அதே கருவியைக் கொண்டு தன் தாத்தாவின் முன் உட்கார்ந்து கேட்கட்டும்.

படிப்புக் கெடும் என்கிறார்கள் தகப்பன்மார்கள். 2021ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். வகுப்பறையில் பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் வைத்து ஆசிரியர் மதிப்பிடுகிறார். கேட்டதைப் பிழையில்லாமல் எழுதுவது தமிழ்ப் பாடம். மணிக்கணக்கும் செலவுக்கணக்கும் கணிதம். தோட்டத்தின் வரைபடம் போடுவதும் ஆண்டுகளை ஒழுங்குபடுத்துவதும் வரலாறு. இதில் எது படிப்பு அல்ல?

எல்லாவற்றுக்கும் மேலாக, சில பெரியவர்களே சொல்கிறார்கள்: "எங்கள் கதையில் என்ன இருக்கிறது? மரம் வெட்டினோம், பால் சுமந்தோம்." ஐயா, அம்மா, வணக்கத்தோடு மறுக்கிறோம். தோட்டத்தின் கதையைத் துரை எழுதினால் அதில் ஏக்கரும் இராத்தலும் இருக்கும். கிராணி எழுதினால் பேரும் நாளும் இருக்கும். குளிரில் மரத்தடியில் நின்ற கால்கள் உங்களுடையவை. நீங்கள் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

தோழர்களே! பிரேரணை முதலில் தலைமையாசிரியரிடம் போகும். பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் போகும். வெளிக்காட்டில் ஒலி பதிவு செய்ய நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்கப்படும். இக்கிளையிடம் பிள்ளைகள் கேட்பது மூன்றுதான். ஒன்று, ஒலிவாங்கிக்கும் வன்தட்டுக்கும் ஆகும் செலவில் பாதி. இரண்டு, முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த மண்டபம். மூன்று, கணக்கைச் சரிபார்க்க ஒரு கிராணியும், பெரியவர்களிடம் முன்கூட்டிப் பேசிச் சம்மதம் கேட்க ஒரு பால்வெட்டுத் தோழரும், ஒரு தாயாரும் கொண்ட மூவர் குழு. பத்தாவது வாரத்தில், முடிந்தது எவ்வளவு, முடியாதது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பிள்ளைகளே இம்மேடையில் அறிக்கை படிப்பார்கள்.

பிரேரணையின் நகல் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். படிக்காதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். குறை கண்டால் இன்றே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். குறை இல்லையென்றால் கை உயர்த்துங்கள். பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்கட்டும்.